தலைவலி என்று சொல்லாதீர்கள்: தோட்டப்புற மாணவர்கள் மனநலச் சிகிச்சை பெறும் வழி

மூன்று முறை கிளினிக்குக்குப் போனேன். மூன்று முறையும் பாரசிட்டமால் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

டாக்டர்களைக் குறை சொல்ல முடியாது. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. நான்கு மாதமாகத் தூக்கம் கெட்டிருந்தது. விரிவுரைக்குப் போகாமல் விடுதிக் கட்டிலில் கிடந்து, மேலே சுற்றும் காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்குப் பேராக்கில் உள்ள எங்கள் ஊரான சுங்கை சிப்புட் வந்து இறங்கியதும் அம்மா என் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னம்மா செய்கிறது உனக்கு?" என்றார். பிறகு டாக்டரும் அதையே கேட்டார். இருவருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: தலைவலி. பொய்யில்லை, தலை வலிக்கத்தான் செய்தது. ஆனால் தலைவலி என்று சொன்னால் தலைவலிக்குத்தான் மருந்து கிடைக்கும்.

நான்காவது முறை ஒரு துண்டுத் தாளில் நான்கைந்து வரி எழுதிக் கையில் வைத்துக்கொண்டு போனேன். அன்றைக்கே வேலை நடந்தது. முதல் பாரசிட்டமாலுக்கும் அந்தத் துண்டுத் தாளுக்கும் நடுவில் ஐந்து மாதமும் ஒரு செமஸ்டரும் வீணாகிப் போயின. உங்களுக்கு அது நேர வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது மலேசியக் குடியுரிமை உள்ள, 18 வயது நிறைந்த, கையில் அதிகம் காசில்லாத கல்லூரி மாணவர்களுக்கான வழி. மெட்ரிகுலேஷனிலோ ஆறாம் படிவத்திலோ இருந்து இன்னும் 18 ஆகவில்லை என்றால், பெற்றோரோ பாதுகாவலரோ கூட வர வேண்டியிருக்கும். மற்றதெல்லாம் ஒன்றுதான்.

1. அவசரமா, இல்லையா என்று முதலில் பாருங்கள்

உயிரை முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இப்போதே இருந்தால், அல்லது அப்படிச் சொல்லும் நண்பர் உங்கள் பக்கத்தில் இருந்தால், கீழே உள்ள எந்தப் படியும் வேண்டாம். கடிதமும் வேண்டாம், தேதியும் வேண்டாம். அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கும். வண்டி இல்லையென்றால் 999க்கு அழையுங்கள். தனியாகப் போகாதீர்கள், நண்பரையும் தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மருந்து மாத்திரைகளையும் ஆபத்தான பொருள்களையும் யாரையாவது எடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள்.

"போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று மறைப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த குற்றவியல் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்தப் பயத்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டியதில்லை.

பேசுவதற்கு மட்டும் ஆள் வேண்டும் என்றால் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர், 03-7627 2929, 24 மணி நேரமும். சுகாதார அமைச்சின் ஹீல் சேவை, 15555, காலை 8 மணி முதல் நள்ளிரவு 12 மணி வரை. தாலியான் காசே, 15999, 24 மணி நேரமும். தமிழில் பேசலாமா என்று எடுத்தவுடனே கேளுங்கள். அந்த நேரத்தில் பணியில் இருப்பவரைப் பொறுத்து ஆள் கிடைப்பார், அல்லது எப்போது அழைத்தால் கிடைப்பார் என்று சொல்வார்கள். என் முதல் அழைப்பில் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை, அழுதேன். எதிர்முனையில் இருந்தவர் வைக்காமல் காத்திருந்தார். அப்படிச் செய்தாலும் தவறில்லை.

2. உங்கள் மருத்துவக் கோப்பை எந்த ஊரில் திறப்பது என்று முடிவு செய்யுங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் விடுமுறையில் வீட்டிலிருந்தபோது எங்கள் ஊரிலேயே கோப்பைத் திறந்தேன். ஆறு வாரம் கழித்து மருத்துவமனைத் தேதி வந்து விழுந்தபோது நான் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் விரிவுரை மண்டபத்தில் இருந்தேன். அந்தத் தேதி போனது. அடுத்த தேதிக்கு மீண்டும் காத்திருப்பு.

என் கருத்து இதுதான்: வருடத்தில் அதிக இரவுகள் எங்கே தூங்குகிறீர்களோ அங்கே தொடங்குங்கள். விடுதியில் இருப்பவர் என்றால் வளாகத்துக்குப் பக்கத்திலுள்ள அரசாங்க கிளினிக். வீட்டிலிருந்து போய் வருபவர், அல்லது செமஸ்டரை ஒத்திவைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டவர் என்றால் சொந்த ஊர். மருந்து மட்டும் பிற்பாடு ஊர் மாற்றி வாங்கிக்கொள்ளலாம். அதை எட்டாம் படியில் சொல்கிறேன்.

வளாகத்தில் இருக்கும்போது இதற்கும் முந்திய வாசல் ஒன்று உண்டு: பல்கலைக்கழகத்தின் ஆலோசனைப் பிரிவு. பெரும்பாலும் மாணவர் விவகாரப் பிரிவின் கீழ், அதாவது எல்லாரும் எச்.இ.பி. என்று சொல்கிறார்களே, அதன் கீழ் இருக்கும். கட்டணம் கிடையாது. ஆலோசகர் மருந்து எழுத முடியாது, ஆனால் கடிதம் எழுத முடியும். அந்தக் கடிதம் கிளினிக்கில் உங்கள் பாதி வேலையை முடித்துவிடும். தேர்வுக் காலத்தில் அங்கே கூட்டம் அதிகம். செமஸ்டரின் மூன்றாம், நான்காம் வாரத்திலேயே போனால் நெருக்கடி குறைவு.

3. சொல்ல வேண்டியதை எழுதிக்கொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

நமக்கு மனத்தில் வருவது உடம்பில்தான் வாக்கியமாகிறது. நெஞ்சு அடைக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, கைகால் ஓய்ந்துவிட்டது, தலை பாரமாக இருக்கிறது. வீட்டில் இதைச் சொன்னால் புரியும். ஐந்து நிமிடத்தில் அடுத்த நோயாளியைப் பார்க்க வேண்டிய டாக்டருக்கு அது வெறும் தலைபாரம்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. தேர்வு நெருக்கடியையும் "மன அழுத்தம்" என்கிறோம், மாதக்கணக்காக எழுந்திருக்க முடியாமல் கிடப்பதையும் "மன அழுத்தம்" என்கிறோம். மலாயில் இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். நெருக்கடிக்கு "தெக்கானான்". மனச்சோர்வு நோய்க்கு "கெமுருஙான்". ஓயாத பதற்றத்துக்கு "கெரெசாஹான்". இரண்டாம் முறை போனபோது நான் "தெக்கானான்" என்றுதான் சொன்னேன். பரீட்சை முடிந்ததும் சரியாகிவிடும், நன்றாக ஓய்வெடுங்கள் என்று டாக்டர் அன்பாகச் சொல்லி அனுப்பினார். நான் சொன்ன சொல்லுக்கு அதுதான் சரியான பதில்.

கௌண்டரில் சொல்ல ஒரு வரி: "சாயா நாக் ஜும்பா டொக்டர், பசால் மசாலா இமோசி." மனநிலைப் பிரச்சினைக்காக டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று பொருள். அதற்கு மேல் அங்கே விளக்க வேண்டாம்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியதற்கு ஐந்து விஷயம் எழுதுங்கள்: எவ்வளவு நாளாக, தூக்கம், சாப்பாடு, படிப்பு அல்லது வேலை, சாவைப் பற்றிய எண்ணம் உண்டா இல்லையா. என் தாளில் இருந்தது இவ்வளவுதான்:

"ஜூன் முதல். இரவு 3 மணி வரை விழிப்பு. ஒரு வேளைச் சோறு, அதிலும் பாதி. 11 வாரத்தில் 6 விரிவுரைக்குத்தான் போனேன். குளிப்பதற்குக்கூட மலைப்பாக இருக்கிறது. இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது."

கடைசி வரியை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கவே மாட்டேன். தாளை நீட்டினேன். டாக்டர் படித்தார், எழுந்து போய்க் கதவைச் சரியாகச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மலாயோ ஆங்கிலமோ சரளமாக வராவிட்டால் தமிழிலேயே எழுதி, நம்பிக்கையான தோழி ஒருத்தியிடம் கொடுத்து மாற்றி எழுதி வாங்குங்கள். தமிழ் டாக்டர் கிடைக்கட்டும் என்று முதல் நாளைத் தள்ளிப்போடாதீர்கள். வாராவாரம் உட்கார்ந்து பேச வேண்டிய ஆலோசனைக்கு வேண்டுமானால் தமிழ் பேசுபவருக்காகக் காத்திருக்கலாம். அங்கே "மாமியார் வீடு", "சீர்", "ஊர் வாய்" என்பதையெல்லாம் விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தால் நேரம் அதிலேயே போய்விடும்.

4. கையில் எடுத்துப் போக வேண்டியவை

அடையாள அட்டை. மாணவர் அட்டை. அந்தத் தாள். முன்பு வாங்கிய மருந்துகளின் உறை அல்லது அட்டை, நாட்டு மருந்தாக இருந்தாலும் சரி. ஆலோசகரின் கடிதம் இருந்தால் அது, அதன் நகல் ஒன்றும். சில்லறை.

இவற்றோடு தண்ணீர், ஒரு ரொட்டிப் பொட்டலம், போனுக்கு மின்னேற்றி, மெல்லிய குளிராடை. சிரிக்காதீர்கள். பசியும் குளிரும் சேர்ந்தால் பதினோரு மணிக்கு எழுந்து வீட்டுக்கு ஓடிவிடத் தோன்றும். நான் ஒரு முறை ஓடியிருக்கிறேன், என் எண்ணுக்கு முன்னால் நான்கே பேர் இருந்தபோது.

5. கிளினிக் நாள்

அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். டாக்டரும் மருந்தும் அந்த ஒரு வெள்ளியிலேயே அடக்கம். பல கிளினிக்குகளுக்கு அரசாங்கத்தின் சுகாதாரச் செயலியான மைசெஜாத்ராவில் முன்கூட்டியே நேரம் எடுக்கலாம். உங்கள் கிளினிக் பட்டியலில் இருக்கிறதா என்று முதல் நாள் இரவே பார்த்துவிடுங்கள். அதே செயலியில் மனநலக் கேள்வித்தாளும் உண்டு. நிரப்பி, வரும் பதிலைப் படம்பிடித்து வைத்துக்கொண்டால் டாக்டரிடம் காட்டப் பயன்படும்.

திங்கட்கிழமை போகாதீர்கள், கூட்டம் அலைமோதும். வெள்ளிக்கிழமை போனால் 12.15 முதல் 2.45 வரை நீண்ட இடைவேளை. பேராக், சிலாங்கூர் பக்கம் சனி, ஞாயிறு விடுமுறை. கெடாவில் படிப்பவர்கள் கவனிக்க: அங்கே வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். பாடாங் செராயிலோ லூனாஸிலோ வெள்ளிக்கிழமை காலை எழுந்து புறப்பட்டால் பூட்டைத்தான் பார்ப்பீர்கள். எனக்குச் செவ்வாய்க்கிழமை சரிப்பட்டது. காலை 7.15க்குப் போய் எண் சீட்டு எடுத்தேன், வெளியே வந்தபோது 11.40.

சின்ன ஊரில் கிளினிக் கூடம் என்பது பாதி சந்தை, பாதி கல்யாண வீடு. பக்கத்து நாற்காலியில் எங்கள் லயத்து அத்தை ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா, காய்ச்சலா?"

"இல்லை அத்தை. ரத்தம் எடுக்க வந்தேன்."

"எதற்கு? சின்னப் பிள்ளைக்கு என்ன ரத்தம்?"

"பல்கலைக்கழகத்தில் கேட்டிருக்கிறார்கள்."

பல்கலைக்கழகம் என்றதும் கேள்வி நின்றது. இப்படி ஒரு பதிலை முன்பே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பார்த்தால் நான் சொன்னதில் பாதி உண்மையாகவே ஆகிவிட்டது. டாக்டர் நிஜமாகவே ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே சோர்வைத் தரும் என்பதால், முதலில் அவை இல்லை என்று உறுதி செய்துகொள்வார்கள். உங்களுக்கும் எழுதித் தந்தால், நம்மை நம்பவில்லை என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது கேள்வித்தாள். பெரும்பாலும் ஒன்பது கேள்வி உள்ள தாள் ஒன்று தருவார்கள். கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்று 0 முதல் 3 வரை குறிக்க வேண்டும், மொத்தம் 27. சில இடங்களில் 21 கேள்வி உள்ள வேறொரு தாள், அது கடந்த ஒரு வாரத்தைக் கேட்கும். மூன்றாம் முறை போனபோதே இந்தத் தாள் என் கைக்கு வந்தது. அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதுக்கும் சுழியம் போட்டேன். டாக்டர் பாவம், சுழியத்துக்கு என்ன சிகிச்சை தருவார்?

அதனால் தாளை வாங்கியதும் தள்ளிப்போய் உட்காருங்கள். "கழிவறைக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று எழுந்து போனாலும் சரி. ஒன்பதாவது கேள்வி செத்துப்போனால் நன்றாயிருக்கும் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதில் ஒன்று என்று குறித்தால் உடனே பிடித்து அடைத்துவிட மாட்டார்கள். டாக்டர் இன்னும் சில கேள்வி கேட்பார், அவ்வளவுதான்.

அறைக்குள் தனியாகப் போகலாம். உங்களுக்கு 18 ஆகிவிட்டது. "அம்மா வெளியே இருக்கட்டும்" என்று நீங்கள் சொல்லத் தயங்கினால், அதையும் தாளின் மேல் மூலையில் எழுதிவிடுங்கள்.

6. பரிந்துரைக் கடிதமும் காத்திருப்பும்

எல்லாருக்கும் மருத்துவமனை வேண்டியதில்லை. கிளினிக் டாக்டரே, அல்லது அங்கு வரும் குடும்ப மருத்துவ நிபுணரே, மருந்து தொடங்கிப் பார்த்துக்கொள்ளலாம். நிபுணர் தேவை என்றால் பரிந்துரைக் கடிதம், அதாவது "சூராட் ருஜுக்கான்" தருவார்கள். அது கைக்கு வந்ததும் வெளியே நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே உங்கள் பெயரும் அடையாள அட்டை எண்ணும் சரியா என்று பாருங்கள். என் பெயரில், இன்னாரின் மகள் என்பதைக் குறிக்கும் "அ/பெ" விட்டுப்போயிருந்தது. இரண்டு முறை நடந்தேன்.

அரசாங்க மருத்துவமனையின் நிபுணர் கிளினிக்கில் ஒரு வருகைக்கு 5 வெள்ளி. தனியார் டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் முதல் வருகைக்கான கட்டணம் கூடும், அதனால் அரசாங்கக் கிளினிக் வழியாகவே போங்கள். சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவுக்கும் இடையே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். மருத்துவமனைக் கட்டணத்தைவிட எனக்குப் போக்குவரத்துதான் செலவு வைத்தது. தேதி கொடுக்கும்போது "காலை நேரம் வேண்டாம், பஸ் இல்லை" என்று சொல்லிப் பாருங்கள், மாற்றிக்கொடுப்பார்கள்.

இங்கே ஒரு பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் யாராவது கொஞ்சம் மாறிப் பேசினால் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்பார்கள். ஜோகூரில் தம்போய் என்பார்களாம். தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கும் பழைய பெரிய மருத்துவமனைக்குப் பெயர் பஹாகியா, அதாவது ஆனந்தம். ஈப்போவுக்குப் போகும் வழியில்தான் அந்த ஊர். சாலையோரம் பெயர்ப்பலகை வந்தபோது என் வயிறு கலங்கியது. கடிதம் கொடுத்தால் அங்கே உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்குப் போட்டிருந்ததோ ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிப் பிரிவு: எண் சீட்டு, நாற்காலி, தொலைக்காட்சி, வரிசை. கண், காது பார்க்கப் போவதுபோலத்தான் இருந்தது.

பக்கத்தில் மெந்தாரி எனப்படும் சமூக மனநல மையம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு நடத்துவது. ஆஸ்பத்திரி மிரட்சி உள்ளவர்களுக்கு அந்த இடம் இலகுவாக இருக்கும்.

காத்திருக்கும் வாரங்களில் கையில் காசு உள்ளவர்கள் தனியார் ஆலோசகரிடம் போவதுண்டு. நான் விசாரித்தபோது ஒரு மணி நேரத்துக்கு 150 முதல் 250 வெள்ளி வரை கேட்டார்கள். போவதானால் பெயருக்குப் பின்னால் பதிவு பெற்ற ஆலோசகர் என்பதற்கான "கே.பி." எழுத்துகளும், தொழில் நடத்தும் சான்றிதழுக்கான "பி.ஏ." எழுத்துகளும் உண்டா என்று பாருங்கள். ஆலோசகர்களை 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பதிவு செய்யச் சொல்கிறது. காணொளியில் நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக 300 வெள்ளி கட்டி "வாழ்க்கைப் பயிற்சி"யில் சேர்ந்த தோழி ஒருத்தி எனக்கு உண்டு. மூன்று வாரம் விடியற்காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்களாம்.

7. வீட்டில் என்ன சொல்வது

இதற்கு ஒரே வழி என்று கிடையாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் புள்ளிவிவரத்தை எடுத்துக்கொண்டு போனேன். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய 10 லட்சம் பேருக்கு மனச்சோர்வு தெரிந்தது, 2019இல் இருந்ததைப் போல இரண்டு மடங்கு என்று விளக்கினேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஊரார் கதை எதற்கு இப்போது?" என்றார். அப்பா, "நாங்கள் பால்மரம் வெட்டின காலத்தில் படாத கஷ்டமா?" என்றார். அத்தோடு புள்ளிவிவரம் முடிந்தது.

பிறகு யாரோ கண்பட்டுவிட்டது என்று சொல்ல, ஒரு வெள்ளிக்கிழமை முனீஸ்வரர் கோயிலில் மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். நான் சண்டை போடவில்லை. தாயத்து இன்றும் என் கையில் இருக்கிறது. கோயிலா கிளினிக்கா என்று அவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கோயில்தான் ஜெயிக்கும். இரண்டும் என்றால் தகராறே இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "இந்தப் பூஜை முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று தேதி தள்ளிப்போகக் கூடாது. ஒரு மண்டலம் என்பது 48 நாள். செமஸ்டரில் பாதி.

கடைசியில் வேலை செய்தது சாதாரணமான ஒரு வாக்கியம்: "அம்மா, எனக்குத் தூக்கம் வரவில்லை. தூக்கத்துக்கு மருந்து தருவார்கள், ஒரு வெள்ளிதான்." தூக்கமின்மை அம்மாவுக்குப் புரிந்தது. அவருக்கும் வெகுநாளாகத் தூக்கம் இல்லையாம். அன்றைக்குத்தான் சொன்னார்.

வீட்டில் சொல்லவே முடியாது என்ற நிலை உள்ளவர்கள் உண்டு. மனநிலையே அந்த வீட்டால்தான் கெட்டது என்பவர்களும் உண்டு. சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லை. வெளிநோயாளியாக வரும் 18 வயதானவரின் வீட்டுக்குக் கிளினிக் பொதுவாகப் போன் செய்யாது. ஆனால் பதிவில் கொடுக்கும் தொலைபேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். பழைய பதிவில் அப்பாவின் எண் இருக்கும். தேதியை நினைவூட்டும் செய்தி அவருக்குப் போய்விடும். கௌண்டரில் மாற்றச் சொல்லுங்கள்.

8. மருந்து

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் இரண்டு முதல் நான்கு வாரம் போகாமல் பலன் காட்டாது, சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். தொல்லை மட்டும் முதல் நாளே வரக்கூடும்: குமட்டல், வயிற்றுக் கோளாறு, சிலருக்குப் படபடப்பு. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். இளவயதினருக்கு, குறிப்பாக 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, தொடக்க வாரங்களில் சாக வேண்டும் என்ற எண்ணம் கூடுவதும் உண்டு. அப்படித் தோன்றினால் அடுத்த தேதிக்காகக் காத்திருக்காமல் முதல் படிக்குப் போங்கள்.

சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் தீபாவளிக்கு நிறுத்தினேன். நான்கு நாள் தலை சுற்றிக்கொண்டு, முறுக்குச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. நிறுத்துவதானால் டாக்டர் படிப்படியாகக் குறைத்துத் தருவார். மதுவோடு கலக்கக் கூடாது. கல்யாண வீட்டுப் பீரும் மதுதான்.

ஊர் மாறும்போது எஸ்.பி.யு.பி. என்ற ஏற்பாட்டைக் கேளுங்கள். தொடர்ந்து வாங்கும் மருந்தை, எழுதித் தந்த மருத்துவமனையில் வாங்காமல் வேறோர் அரசாங்கக் கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ வாங்கிக்கொள்ளலாம். மருந்தகக் கௌண்டரில் "வளாகத்துக்குப் பக்கத்தில் வாங்க வேண்டும்" என்று சொன்னால் படிவம் போட்டுத் தருவார்கள். மருந்து தீர்ந்த அன்று கேட்காதீர்கள்; இரண்டு வாரம் மீதி இருக்கும்போதே கேளுங்கள்.

9. பல்கலைக்கழகமும் பி.டி.பி.டி.என். கடனும்

கிளினிக்கில் இருந்த நாளுக்கு மருத்துவ விடுப்புச் சீட்டு, அல்லது வந்திருந்த நேரத்துக்கான சீட்டு, இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நோயின் பெயரை அதில் எழுத வேண்டியதில்லை. விரிவுரையாளர் "என்ன நோய்?" என்று கேட்டால் "சிகிச்சையில் இருக்கிறேன்" என்பதே போதுமான பதில்.

தேர்வைத் தவறவிட்டுவிட்டுப் பிற்பாடு கடிதம் தேடினால் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். ஒரு செமஸ்டரை ஒத்திவைப்பதென்றால் அதற்கென்று படிவமும் கடைசி நாளும் உண்டு. உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிப் புத்தகத்தில் அந்த நாளை இன்றே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவக் கடிதத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எந்த நாள் முதல் எந்த நாள் வரை படிக்க இயலாது, எந்த மருத்துவமனையின் கீழ் சிகிச்சை, டாக்டரின் முத்திரை. என் முதல் கடிதத்தில் தேதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தேதிக்காக மீண்டும் ஈப்போ.

பி.டி.பி.டி.என். எனப்படும் அரசாங்க உயர்கல்விக் கடன் வாங்குபவர்கள் ஒத்திவைப்பைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். படிக்காத செமஸ்டருக்குப் பணம் வராது. அந்தப் பணத்தை நம்பி விடுதிக் கட்டணத்தையும் மோட்டார் சைக்கிள் தவணையையும் வைத்திருந்தால், படிவம் போடுவதற்கு முன்பே கணக்குப் பாருங்கள். உபகாரச் சம்பளம் பெறுபவர்கள் கொடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், வாய்ச்சொல் போதாது.

10. தேதி தவறிவிட்டால்

தவறும். படுக்கையை விட்டு எழ முடியாததற்குத்தானே சிகிச்சை, அதற்கான தேதிக்கே எழ முடியாமல் போவதும் உண்டு. நான் இரண்டு முறை தவறவிட்டேன். இரண்டாம் முறை வெட்கத்தில் ஒரு மாதம் போன் செய்யவில்லை. திட்டுவார்கள், பெயரை அடித்துவிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள் அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். தேதி அட்டையைக் கௌண்டரில் வைத்து, "தெர்லெபாஸ் தெமுஜஞ்ஜி" என்றேன். தேதி தவறிவிட்டது என்பதற்கு அதுதான் சொல். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கணினியில் ஏதோ தட்டினார், அட்டையில் பழைய தேதியை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார், "புதன்கிழமை, எட்டு மணி" என்று சொல்லி அட்டையைத் திருப்பித் தள்ளினார்.